கட்டட வேலையில் அடிபட்டால் இழப்பீடு கேட்பது எப்படி: ஆஸ்பத்திரி சீட்டு முதல் பணம் கைக்கு வரும் வரை

சாரத்திலிருந்து விழுந்தவரை ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். அவசரப் பிரிவில் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி அடிபட்டுச்சு?" கூட வந்த மேஸ்திரி முந்திக்கொண்டு, "வீட்ல படிக்கட்டுல வழுக்கி விழுந்துட்டாரு சார்" என்கிறார். டாக்டர் அப்படியே எழுதிக்கொள்கிறார். பிறகு எத்தனை சாட்சிகளைக் கூட்டி வந்தாலும், எதிர்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்.

தமிழ்நாட்டில் கட்டட வேலையில் அடிபட்டவருக்கும் அவர் வீட்டாருக்கும் அவர்களுக்காக அலைகிற சங்கத்துக்காரருக்கும் பயன்படும்படி எழுதப்பட்டது இது. சொந்த வீடு கட்டுகிறவர் தன் பொறுப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளவும் இதில் விஷயம் உண்டு.

எந்தச் சட்டம்

2025 நவம்பர் 21க்கு முன் நடந்த விபத்து என்றால் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அந்தத் தேதியில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதிலிருந்து, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் 7ஆம் அத்தியாயம் இந்த வேலையைச் செய்கிறது. கணக்குப் போடும் முறையும் பொறுப்பின் அடிப்படையும் பெரும்பாலும் பழையபடியேதான். பழைய சட்டத்தின் பிரிவு எண்களைத்தான் அலுவலகங்களிலும் வக்கீல்களிடமும் இன்னும் கேட்பீர்கள் என்பதால் இங்கே அவற்றையே சொல்கிறோம். மனு எழுதும்போது விபத்துத் தேதியைப் பார்த்துச் சரியான சட்டத்தைக் குறிப்பிடுங்கள். அன்றைக்கு நடப்பில் உள்ள அறிவிக்கைகளையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டம் "யார் தப்பு?" என்று கேட்பதில்லை. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மூன்றே மூன்றைத்தான் கேட்கிறது: அவர் இன்னாரிடம் வேலை செய்தாரா, விபத்து வேலையின்போது வேலை காரணமாக நடந்ததா, சம்பளம் எவ்வளவு. சாரக்கட்டை உறுதியாகக் கட்டியிருந்தேன், அவர்தான் கவனமில்லாமல் கால் வைத்தார் என்று முதலாளி சொல்வது விடையாகாது. "ஹெல்மெட் போடச் சொன்னேன், போடல" என்பதும் எளிதில் எடுபடாது. பாதுகாப்புக்கென்று வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவை அவர் வேண்டுமென்றே மீறினார், அதனால்தான் அடிபட்டது என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். "குடிச்சிருந்தான்" என்பதும் அப்படித்தான். மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டுவிட்டால் இந்த இரண்டு வாதங்களுக்கும் இடமே இல்லை. மூன்று நாளுக்குள் சரியாகிவிடும் சின்னக் காயத்துக்கு மட்டும் இழப்பீடு கிடையாது.

தப்பு யாருடையது என்று நிரூபிக்கும் சுமை இல்லாததால் வழக்கு சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. தளத்தில் பாதிப் பேருக்கு வேலைச் சீட்டு என்ற ஒன்றே இல்லை. "இவரை எனக்குத் தெரியவே தெரியாது" என்ற பதிலோடுதான் பெரும்பாலான வழக்குகள் தொடங்கும். அதை உடைப்பதற்கான தாள்கள் முதல் வாரத்தில்தான் கிடைக்கும்.

முதல் நாள்: ஏ.ஆர். காப்பி

மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதைத்தான் ஏ.ஆர். என்கிறார்கள். அதில் நான்கு விவரம் வந்தாக வேண்டும்: எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது, எவ்வளவு உயரத்திலிருந்து. "இன்ன தெருவில் கட்டும் கட்டடத்தில் இரண்டாவது மாடி சென்ட்ரிங் வேலையின்போது சாரம் சரிந்து சுமார் 20 அடியிலிருந்து விழுந்தார்" என்ற அளவுக்கு இருந்தால் போதும். அடிபட்டவருக்கு நினைவு இருந்தால் அவரே சொல்லட்டும். இல்லையென்றால் கூட வேலை செய்தவர் சொல்லட்டும், மேஸ்திரியைச் சொல்ல விடாதீர்கள்.

தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், "போலீஸ் கேஸ் வேண்டாம், செலவை நான் பார்த்துக்கறேன்" என்று ஒப்பந்ததாரர் சொல்வது வழக்கம். அவர் நல்ல மனதோடுகூடச் சொல்லலாம். ஆனால் இரண்டாவது அறுவை சிகிச்சை வரும்போது அந்த மனது பெரும்பாலும் இருக்காது. செலவை அவரே கட்டட்டும், தடையில்லை. பதிவு மட்டும் உண்மையாக இருக்கட்டும். 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வேலையில் பட்ட காயத்துக்கான சிகிச்சைச் செலவு முழுவதையும் முதலாளிதான் ஏற்க வேண்டும். அது இழப்பீட்டில் கழிக்கப்படாது. எனவே மருந்துக்கடை ரசீது ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஏற்கெனவே தப்பாக எழுதியாகிவிட்டதா? வார்டில் சேர்த்த பிறகு எழுதும் கேஸ் ஷீட்டிலும் டிஸ்சார்ஜ் சுருக்கத்திலும் சரியான விவரத்தைச் சொல்லிப் பதியவைக்கலாம். நடந்ததை எழுதி மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதமும் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். முதல் வரி அழியாது. ஆனால் அடுத்த நாளே மறுத்திருக்கிறோம் என்பதற்குச் சான்று இருக்கும்.

காவல் நிலையம்

மரணம் என்றால் பி.என்.எஸ்.எஸ். (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) 194ஆம் பிரிவில் சந்தேக மரணமாக மட்டும் பதிந்து, "கட்டட வேலை செய்யும்போது தவறி விழுந்து" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நடக்கும். யார் வேலைக்கு வைத்தார் என்பது அதில் இருக்காது. புகாரை வீட்டிலேயே நிதானமாக எழுதிக்கொண்டு போங்கள்: கட்டட முகவரி, உரிமையாளர், ஒப்பந்ததாரர், மேஸ்திரி ஆகியோரின் பெயர், எத்தனை நாளாக அங்கே வேலை, நாள் கூலி எவ்வளவு, பாதுகாப்பு பெல்ட்டும் கைப்பிடித் தடுப்பும் இருந்தனவா.

கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு, குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(1), ஐந்து ஆண்டு வரை சிறை. கொடுங்காயம் என்றால் 125(b). கட்டடம் கட்டுவதிலும் இடிப்பதிலும் அலட்சியமாக இருப்பதற்கென்றே 290ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. குற்ற வழக்கு ஒரு பாதை, இழப்பீட்டு மனு இன்னொரு பாதை. முன்னதில் விடுதலை ஆனாலும் பின்னது விழுந்துவிடாது. எஃப்.ஐ.ஆர். இல்லாமலும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் அது இருந்தால் "எனக்குத் தெரியாது" என்று சொல்வது முதலாளிக்குக் கஷ்டம்.

வேலை உறவுக்கு என்ன சான்று

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததா, ஜிபேயில் வந்ததா? ஜிபே என்றால் ஆறு மாதப் பட்டியலை எடுங்கள். வாரா வாரம் ஒரே எண்ணிலிருந்து பணம் வந்திருப்பதைவிடச் சிறந்த சான்று இல்லை. கைக்கு வந்தது என்றால் மேஸ்திரியின் சம்பள நோட்டு இருக்கும். ஆள் பெயருக்கு நேராக நாள் கணக்குக் கோடு போட்டு, ஓரத்தில் அட்வான்ஸ் கழித்து எழுதியிருப்பார். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். நோட்டு பிறகு காணாமல் போய்விடும்.

"நாளைக்கு சிமெண்ட் லோடு வருது, 7 மணிக்கு வந்துடு" என்ற வாட்ஸ்அப் குரல் பதிவும் சான்றுதான். போனை விற்கவோ அழிக்கவோ வேண்டாம். தளத்தின் பெயர்ப்பலகை, சாரம் இருந்த நிலை, விழுந்த இடம் ஆகியவற்றைத் தூரத்திலிருந்து ஒன்று, அருகிலிருந்து ஒன்று எனப் படம் எடுங்கள். இரண்டே நாளில் சாரம் பிரிக்கப்பட்டுவிடும். கூட வேலை செய்தவர்களில் இருவரின் பெயரும் எண்ணும் வேண்டும். அவர்கள் வெளிமாநிலத்தவர் என்றால் சொந்த ஊர் முகவரியும் வாங்குங்கள். அடுத்த மாதம் அவர்கள் வேறு தளத்துக்குப் போயிருப்பார்கள்.

யார் மீது கேட்பது

கட்டடத் தொழிலில் ஒருவருக்கு மேல் ஒருவர் இருப்பார்: மேஸ்திரி, அவருக்கு மேல் லேபர் கான்ட்ராக்ட் எடுத்தவர், அவருக்கு மேல் கட்டுமான நிறுவனம். 12ஆம் பிரிவு இந்த அடுக்கை உடைக்கிறது. தன் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட நிறுவனம், தானே நேரடியாக ஆள் வைத்திருந்தால் எப்படிப் பொறுப்போ அப்படியே பொறுப்பு. பணத்தைக் கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் அது வசூலித்துக்கொள்ளலாம். அது அவர்களுக்குள் உள்ள கணக்கு. ஆகவே மனுவில் எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். மேஸ்திரி ஒருவரை மட்டும் சேர்த்து உத்தரவு வாங்கிவிட்டு, அவரிடம் ஒன்றுமில்லை என்று திரும்பிய குடும்பங்கள் நிறைய. காப்பீட்டு பாலிசி இருந்தால் காப்பீட்டு நிறுவனத்தையும் சேர்க்க வேண்டும்.

சொந்தக் குடியிருப்புக்கு வீடு கட்டுபவர் நிலை வேறு. வீடு கட்டுவது அவர் தொழில் அல்ல என்பதால், வேலையை முழுதாக ஒப்பந்ததாரரிடம் விட்டிருந்தால் 12ஆம் பிரிவு அவரைப் பிடிப்பது கடினம். ஆனால் அவரே கொத்தனாரையும் சித்தாளையும் நாள் கூலிக்கு வைத்து, அவரே சம்பளம் கொடுத்தால் அவர்தான் முதலாளி. "தற்காலிக வேலைதானே" என்று தப்பிக்க உதவிய விலக்கு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. வீட்டு உரிமையாளர்களுக்கு எங்கள் யோசனை: எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுக்காத ஒப்பந்ததாரருக்கு வேலை கொடுக்காதீர்கள், பாலிசியில் உங்கள் தள முகவரியும் ஆள் எண்ணிக்கையும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பத்துப் பேருக்கு எடுத்த பாலிசியில் பதினைந்து பேர் வேலை செய்தால் அங்கேதான் தகராறு வரும்.

கட்டட உயரத்தையும் கேட்பார்கள். ஒரு தளத்துக்கு மேற்பட்டது, அல்லது தரையிலிருந்து கூரை உச்சி வரை 12 அடியோ அதற்கு மேலோ இருப்பது என்றால்தான் அந்தக் கட்டட வேலை சட்டத்துக்குள் வரும் என்று இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. சாதாரணத் தரைத்தள வீடுகூட அடித்தள உயரத்தோடு சேர்த்து அளந்தால் பெரும்பாலும் இதைத் தொட்டுவிடும். அளந்து எழுதுங்கள்.

தளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்) பிடிக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். அந்தத் திட்டம் நடைமுறையில் உள்ள பகுதிகளில் 2015 ஆகஸ்ட் முதல் கட்டடத் தளத் தொழிலாளர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு வேலைக் காயப் பலன் அங்கிருந்துதான் வரும், இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தொழிலாளர் துறை ஆணையரிடம் கேட்க முடியாது. தவறான கதவைத் தட்டி ஒரு வருடம் போனால் நட்டம் உங்களுக்குத்தான்.

கணக்கு

மரணத்துக்கு மாதச் சம்பளத்தில் 50 சதவீதம், நிரந்தர முழு ஊனத்துக்கு 60 சதவீதம். இதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். காரணி 25 வயதுக்கு 216.91, 30க்கு 207.98, 35க்கு 197.06, 40க்கு 184.17, 50க்கு 153.09. கடைசிப் பிறந்தநாளில் நிறைந்த வயதைத்தான் எடுப்பார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு: 2020 ஜனவரி 3 முதல் மாதம் 15,000 ரூபாய். விபத்து நடந்த நாளில் எந்த வரம்பு இருந்ததோ அதுதான் பொருந்தும்.

35 வயதுக் கொத்தனார், நாள் கூலி 1,000 ரூபாய், மாதம் 24 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 24,000, கணக்குக்கு 15,000தான். மரணம் என்றால் 7,500 × 197.06 = 14,77,950 ரூபாய். முழு ஊனம் என்றால் 9,000 × 197.06 = 17,73,540 ரூபாய்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். நாளுக்கு ஆயிரம் வீதம் மாதம் 15 நாள் வேலை என்று நிரூபித்தாலே வரம்பைத் தொட்டுவிடலாம். "தினம் 1,500, மாதம் 30 நாள்" என்று கூட்டிச் சொல்லிக் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வதில் ஒரு பைசா லாபமில்லை. வயதில்தான் கவனம் வேண்டும். ஆதாரில் தோராயமாக 40 என்று ஏறியிருந்து, பள்ளிச் சான்றில் 35 என்று இருந்தால், மரண வழக்கில் வித்தியாசம் 96,675 ரூபாய். பள்ளிச் சான்றைத் தேடி எடுங்கள்.

பகுதி ஊனத்துக்கு அட்டவணையில் சதவீதம் இருக்கிறது. கட்டைவிரல் போனால் 30, ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50, மற்றது நன்றாக இருந்து ஒரு கண் போனால் 40. மேலே சொன்ன கொத்தனார் கட்டைவிரலை இழந்தால் 17,73,540இல் 30 சதவீதம், அதாவது 5,32,062 ரூபாய்.

அட்டவணையில் இல்லாத காயத்தில்தான், குறிப்பாகத் தொடை எலும்பு முறிவிலும் முதுகெலும்பு அடியிலும், குடும்பங்கள் அதிகம் இழக்கின்றன. மருத்துவச் சான்றில் "30 சதவீத ஊனம்" என்று இருக்கும். அது உடல் ஊனத்தின் அளவு. சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை. முழங்கால் பாதிதான் மடங்குகிறது என்றால் மேசை வேலைக்காரருக்கு அது 30 சதவீதமாக இருக்கலாம். சாரம் ஏற வேண்டிய கொத்தனாருக்கு அந்த வேலையே போயிற்று. திரையரங்கில் வேலை செய்யும்போது விழுந்து இடது கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒரு கையோடு தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அது முழு ஊனமே என்று 1975இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆகவே டாக்டரிடம் என்ன தொழில், என்னென்ன அசைவு தேவை என்று விளக்கி, சம்பாதிக்கும் திறன் இழப்பைத் தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள். "உயரத்தில் ஏற முடியாது, 5 கிலோவுக்கு மேல் தூக்க முடியாது" என்று பரிசோதித்து எழுதினால் இன்னும் நல்லது. அவரைச் சாட்சியாகவும் விசாரிக்க வேண்டியிருக்கும்.

தற்காலிக ஊனம் என்றால், மாதச் சம்பளத்தில் 25 சதவீதத்தை 15 நாளுக்கு ஒரு முறை தர வேண்டும், அதிகபட்சம் ஐந்து ஆண்டு.

முத்திரைத் தாளில் கையெழுத்து

காரியம் முடிவதற்குள் இரண்டு லட்ச ரூபாயோடு ஆள் வருவார். "இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்" என்ற தாளும் கையில் இருக்கும். வாங்கிவிட்டோமே, இனி ஒன்றும் செய்ய முடியாதே என்று குடும்பம் ஒதுங்கிவிடுகிறது. அது சரியல்ல. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 17ஆம் பிரிவின்படி செல்லாது. மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது 8ஆம் பிரிவின்படி இழப்பீடாகவே கணக்கில் வராது. முன்பணமாகக் கொடுத்ததில் மூன்று மாதச் சம்பளம் வரைக்கும்தான் கழிக்க இடமுண்டு. காய வழக்கில் சமரசம் செய்துகொண்டால் அதை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை குறைவு என்று பட்டால் அவர் பதிய மறுக்கலாம்.

நோட்டீசும் மனுவும்

முடிந்தவரை சீக்கிரம் முதலாளிக்கு ஒரு நோட்டீஸ்: பெயர், தேதி, இடம், காயம், காரணம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, கிடைத்ததற்கான சான்றை வையுங்கள். மரணம் என்றால் ஆணையருக்கும் ஒரு கடிதம் போடுங்கள். அதைக் கொண்டு அவர் 10ஏ பிரிவின்கீழ் முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பி, 30 நாளுக்குள் விவரம் கேட்க முடியும். இந்த வழியை வக்கீல்கள்கூடக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள்.

மனுவுக்குக் கெடு இரண்டு ஆண்டு. தகுந்த காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படும், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். விபத்து நடந்த இடம், நீங்கள் வழக்கமாக வசிக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடம், இந்த மூன்றில் எங்கேயும் தாக்கல் செய்யலாம். சென்னையில் இறந்த பீகார் தொழிலாளியின் மனைவி தன் ஊரிலேயே கேட்கலாம் என்று பொருள். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர் அலுவலகங்களில் இந்த மனுக்கள் விசாரிக்கப்படுகின்றன. வக்கீல் இல்லாவிட்டாலும் பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகி ஆஜராகலாம்.

மனுவின் கோரிக்கைப் பகுதியில் வட்டியும் அபராதமும் மறக்காமல் இருக்க வேண்டும். 1923 சட்டத்தில், ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. விபத்து நடந்த நாளிலேயே தொகை பாக்கியாகிவிடுகிறது என்பதும் அந்தத் தச்சர் வழக்கில் சொல்லப்பட்டதுதான். மேலே போட்ட 14,77,950க்கு ஒரு வருட வட்டி 1,77,354 ரூபாய். காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். பொதுவாக இது காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் விழாது, முதலாளி சொந்தப் பணத்தில் கட்ட வேண்டியது.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் விபத்து உதவி இதிலிருந்து தனி. அதற்கு வாரியத்தில் தனியாக விண்ணப்பியுங்கள். "வாரியத்தில் வாங்கிவிட்டார்களே" என்று முதலாளி இழப்பீட்டில் கழிக்க முடியாது.

உத்தரவு வந்த பிறகு

முதலாளி மேல்முறையீடு செய்ய விரும்பினால் 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும், அதுவும் முழுத் தொகையை ஆணையரிடம் கட்டிய சான்றோடு. சட்டக் கேள்வி இருந்தால்தான் மேல்முறையீடு நிற்கும். கட்டாமல் ஒளிந்தால், நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க 31ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அதற்குத் தனியாக மனு போட வேண்டும். ஆணையர் மாவட்ட ஆட்சியருக்கு வசூல் சான்று அனுப்புவார், வட்டாட்சியர் அலுவலகம் சொத்தைத் தேடும். முதலாளியின் சொத்து விவரத்தை, சர்வே எண்ணோ வண்டிப் பதிவு எண்ணோ, நீங்களே கண்டுபிடித்து மனுவோடு கொடுத்தால்தான் அந்தக் கோப்பு நகரும்.

மரண வழக்கில் தொகையை யார் யாருக்கு எவ்வளவு என்று ஆணையரே பிரிப்பார். மனைவி, மைனர் பிள்ளைகள், விதவைத் தாய் பெயர்களை மனுவிலேயே சேர்த்துவிடுங்கள். மைனர் பங்கு வங்கி வைப்பில் போகும். படிப்புச் செலவுக்கு இடையில் தேவைப்பட்டால் பள்ளிக் கட்டண ரசீதோடு மனு கொடுத்து எடுக்கலாம்.